இன்வர்காகிலுக்கு நான் அனுப்பிய யன்னல் பிளாஸ்ரிக்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, யூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நடந்தது இது. பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்கள். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் பகுதியில் எங்கள் வீடு. வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில். ஈரப்பதனையும் சேர்த்தால் நாற்பது போல இருக்கும் என்று காலை வானொலியில் சொல்லியிருந்தார்கள். நான் மேல்மாடியில் சின்ன ஏணி ஒன்றில் நின்று, கூரையிலிருந்து பழைய அலாரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஏணியிலிருந்து இறங்கிய பிறகு வந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் அது விளங்குவதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் முதல் வரியில் காலநிலை: காலை வெப்பநிலை, வானம், காற்று. அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். நான் வேலை செய்வது மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில். வந்துசேரும் இரத்த மாதிரிகளைச் சரிபார்த்துப் பதியும் பகுதி. ஒரு எழுத்து பிழைத்தாலும் ஆள் மாறிவிடும். அந்தக் கவனம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கணவர் என்னை ‘வானிலை நிலையம்’ என்றுதான் நண்பர்களிடம் சொல்வார்.

என் அண்ணர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில் இருந்தார். அண்ணி காலமான அடுத்த குளிர்காலம், ரயில் நிலையக் கார்த் தரிப்பிடத்தில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. டிசம்பர் தொடங்கினால் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். மார்கழியிலிருந்து பங்குனிவரை சோபாவில் இருந்தபடி யன்னலுக்கு வெளியே பார்ப்பார். கோயிலுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், பனி கரையட்டும் என்பார்.

அவருடைய ஒரே மகன் அப்போது நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்காகில் என்ற ஊரில் இருந்தான். பால்மாத் தொழிற்சாலையில் வேலை. தகப்பனைத் தன்னிடம் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அண்ணருக்கு ஆசையும் இருந்தது, தயக்கமும் இருந்தது. ஒருநாள் என்னிடம், “அங்கை குளிர் எப்பிடியெண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லு தங்கச்சி. நீ சொன்னால் நான் யோசிக்கத் தேவையில்லை” என்றார்.

இப்படி ஒரு வேலை தந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? மூன்று பின்னேரங்கள் இருந்து ஒரு தாள் தயாரித்தேன். யனவரியிலிருந்து டிசம்பர்வரை பன்னிரண்டு வரிசை. இடப்பக்கம் ரொறன்ரோ, வலப்பக்கம் இன்வர்காகில். எங்களுக்குக் கோடை என்றால் அவர்களுக்குக் குளிர்காலம். அங்கே யனவரியில் பகலில் பதினெட்டு, பத்தொன்பது பாகை. அதற்குமேல் போவது அரிது. யூலையில் பகலில் ஒன்பது, பத்து. இரவில் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். மழைக்கென்று தனிக்காலம் இல்லை, எல்லா மாதமும் ஏறத்தாழ ஒரே அளவு பெய்யும். வசந்தத்தில் காற்று அதிகம். டிசம்பரில் இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். யூனில் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பனி வருடத்தில் சில நாட்கள் வந்து, தங்காமல் போய்விடும். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அடியில் ஒரு முடிவும் எழுதி, அளவுகோல் வைத்துக் கோடிட்டேன்: ‘எங்கள் கணக்கில் அங்கே குளிர்காலமே இல்லை.’

அண்ணர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பெப்ரவரியில் மகனிடம் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் நாட்குறிப்பில் இரண்டாவது காலநிலை வரி வந்தது. காலையில் எழுந்ததும் கைபேசியில் இரண்டு ஊரையும் பார்ப்பேன். முதல் இரண்டு மாதமும் நல்ல செய்திகள்தான். வீடு மரத்தாலானது, பழையது, கூரை தகரம். தெருமுனையில் ஒரு பேக்கரி, அண்ணரின் வீட்டிலிருந்து மூன்றாவது கட்டடம், நீல நிறக் கதவு. காலை ஏழு மணிக்குப் போய்ப் பாண் வாங்குவார். “கடைக்காரப் பெண் என்னை ‘லவ்’ எண்டெல்லோ கூப்பிடுறா. முதல் நாள் நான் காசைக் குடுத்திட்டுப் பாணை விட்டிட்டு ஓடி வந்திட்டன்” என்று சொன்னபோது நானும் கணவரும் வயிறு நோகச் சிரித்தோம். அங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மகன் பிறகு விளங்கப்படுத்தினானாம்.

மே மாதம் எனக்குள் ஏதோ சரியில்லை என்று படத் தொடங்கியது. வீடியோ அழைப்பில் அண்ணர் தன்னுடைய ரொறன்ரோக் குளிர் ஜாக்கெற்றைப் போட்டிருந்தார். கேட்டேன். இப்போதுதான் வெளியிலிருந்து வந்தேன் என்றார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டபோதும் அதே ஜாக்கெற், அதே பதில். மூன்றாவது தடவை தலையில் கம்பளித் தொப்பியும் இருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த யன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மழை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் கண்ணாடியின் உட்புறத்தில் வழிந்தது.

விடாமல் கேட்டபிறகுதான் சொன்னார். அந்த வீட்டில் வெப்பமூட்டும் ஏற்பாடு எதுவுமே இல்லை. அந்தப் பக்கத்துப் பழைய வாடகை வீடுகளில் அது வழக்கம்தானாம். காலையில் அறைக்குள் ஏழு பாகை.

ஏழு. இந்த எண்ணை நான் எங்கே எழுதுவது? என் தாளில் இருந்ததெல்லாம் வெளியே உள்ள எண்கள். முப்பது வருடமாக ரொறன்ரோவில் இருக்கும் எங்களுக்குக் குளிர் என்பது கதவுக்கு வெளியே இருப்பது. கதவைத் திறந்து உள்ளே வந்து ஜாக்கெற்றைக் கழற்றினால் அது முடிந்துவிடும். நிலவறையில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபேர்னஸ் ஒன்று தன்பாட்டில் எரிந்துகொண்டிருக்கும். அது இல்லாத வீடு ஒன்று குளிர்தேசத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. உடனே வேலையில் இறங்கினேன். இங்கே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நாங்கள் செய்வதுதான்: யன்னல் சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டும் ரேப்பை ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்து, தலைமயிர் உலர்த்தியால் சூடுகாட்டி இழுத்துவிட்டால் ஒரு பொட்டுக் காற்றும் புகாது. ஆறு பெட்டி வாங்கினேன். அறை வெப்பமானி ஒன்றும் வைத்தேன். ஒன்பது இலக்கமிட்ட குறிப்புகளைத் தமிழில் எழுதினேன். சட்டத்தை எப்படித் துடைப்பது, எந்த மூலையிலிருந்து தொடங்குவது, கதவின் கீழ் இடைவெளிக்கு எந்தத் துவாயை எப்படி மடித்து வைப்பது என்று எல்லாம். பொதியை அனுப்பிவிட்டு வந்த அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அண்ணர் என் குறிப்புகளை ஒன்றுகூட விடாமல் செய்தார். மகன் மட்டும் தன் அறைக்கு அதெல்லாம் வேண்டாம் என்றிருக்கிறான். யூன் கடைசியில் அண்ணர் கூப்பிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: “தங்கச்சி, இப்ப அறைக்குள்ளை பத்தொன்பது. உன்ரை பிளாஸ்ரிக் வேலை செய்யுது.” ஹீற்றர் ஒன்றும் வாங்கியிருப்பதாகச் சொன்னார். சில்லுப் பூட்டியது, உருட்டிக்கொண்டு போகலாம். சிலிண்டர் முடிந்தால் மகன்தான் தூக்கிவரவேண்டும், தன்னால் முடியாது என்றார். அவ்வளவையும் நாட்குறிப்பில் எழுதினேன். சிலிண்டர் என்ற சொல்லையும் என் கையால் எழுதினேன். பத்தொன்பது என்ற எண்ணுக்குக் கீழே கோடும் போட்டேன்.

அடுத்த கிழமையிலிருந்து அண்ணருக்குத் தலையிடி.

காலையில் வரும், மத்தியானம் போய்விடும் என்றார். பனடோல் போட்டாராம். வயது என்றார். மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டும் என்றார். ஒரு நாள் சத்தியும் எடுத்திருக்கிறார். முதல் நாள் சாப்பிட்ட மீனில் பழியைப் போட்டார். வைத்தியரிடம் போகச்சொன்னேன். போகிறேன் என்றார், போகவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் நிற்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியைப் பார்ப்பேன். வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பைக் குறைத்துவிட்டு யன்னலடிக்குப் போய் நிற்பேன். ஏன் போனேன் என்று தெரியாது. இன்வர்காகிலில் இன்று மழை, காற்று, நான்கு பாகை என்று எழுதுவேன். எழுதியதைப் பார்த்தால் அதில் எதையோ தவறவிட்டதுபோல இருக்கும். கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இஞ்சாரும், நீர் அந்தக் கொப்பியை ஒரு கிழமைக்கு மூடி வைச்சுப் பாரும். உமக்கும் தலையிடி வரப்போகுது” என்றார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. எனக்கு அதிகாலை வேலை, ஒன்றரைக்கு முடிந்துவிடும். மேல்மாடி அலாரம் மூன்று நாளாக நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டுக்கொண்டிருந்தது. காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம். இங்கே ஃபேர்னஸ் உள்ள வீட்டில் அது கட்டாயம். சில வருடங்களில் அதன் ஆயுள் முடிந்ததும் இப்படிக் கீச்சிட்டு மாற்றச் சொல்லும். வரும் வழியில் புதியது ஒன்று வாங்கிவந்தேன். பழையதைக் கழற்றி இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் இருந்து, பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளை விரித்தேன். யாருமே படிக்காத அந்தத் தாள்களைப் படிக்கும் ஆள் நான்.

இரண்டாம் பக்கத்தில், இந்த வாயு உடலில் சேர்ந்தால் என்னவாகும் என்று இருந்தது. தலையிடி. குமட்டல், சத்தி. சோர்வு, நித்திரை மயக்கம். வீட்டை விட்டு வெளியே போனால் குறைந்துவிடும் என்றும் இருந்தது.

அந்தப் பட்டியலை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன் என்று தோன்றியது. என் சொந்தக் கையெழுத்தில்.

கீழே ஓடிப்போய்க் கொப்பியை எடுத்தேன். இரண்டு கிழமைப் பக்கங்களைப் புரட்டினேன். தலையிடி வந்த நாளெல்லாம் அங்கே கடுங்குளிர்க் காலைகள், ஹீற்றர் எரிந்திருக்கும் நாள்கள். சனிக்கிழமைகளில் மகனோடு காலையிலேயே கடைக்குப் போவார். இரண்டு சனியும் தலையிடி இல்லை. அதற்கு முந்திய பக்கத்தில் ‘சிலிண்டர்’ இருந்தது. மின்சார ஹீற்றருக்கு எங்கே சிலிண்டர்? வாயுவை எரிக்கும் ஹீற்றர், புகைபோக்கி இல்லாதது, ஒரு பொட்டுக் காற்றுக்கும் வழியில்லாத அறைக்குள். அந்த வழிகளை ஒவ்வொன்றாக இலக்கம் போட்டு அடைப்பித்தவள் நான்.

மணி இரண்டு இருபத்தைந்து. அங்கே அடுத்தநாள் காலை ஆறு இருபத்தைந்து. அண்ணர் ஐந்து மணிக்கு எழும்பி, ஹீற்றரைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணியோடு கதிரையில் இருப்பார். கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும். திரும்பவும். அண்ணரின் மகனை, என் மருமகனைக் கூப்பிட்டேன். இரவு வேலை ஏழு மணிக்கு முடியும். அதுவரை அவன் கைபேசி தொழிற்சாலை லொக்கருக்குள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு தடவை கூப்பிட்டேன். தொழிற்சாலை இலக்கத்தில் பதிவுசெய்த குரல்தான் பேசியது.

கணவர் சத்தம் கேட்டு நிலவறையிலிருந்து மேலே வந்தார். நான் சொன்னது அரைவாசிதான் அவருக்கு விளங்கியிருக்கும். ஒரு வார்த்தையும் திருப்பிக் கேட்காமல், அந்த நாட்டுப் பொலிசை வெளிநாட்டிலிருந்து எப்படி அழைப்பது என்று தன் கைபேசியில் தேடத் தொடங்கினார். இங்கேயுள்ள அவசர இலக்கத்தை அடித்தால் இங்கேயுள்ளவர்கள்தான் வருவார்கள். நான் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். ஒரு சுற்றில் நீலக் கதவு ஞாபகம் வந்தது.

தெருவின் பெயரைப் போட்டதும் பேக்கரியின் இலக்கம் வந்தது. இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம். எனக்கு வேலையிடத்துப் பழக்கம் வந்துவிட்டது. என் பெயர், நான் இருக்கும் ஊர், அண்ணரின் பெயர், வயது, வீட்டு இலக்கம், எத்தனை நாளாகத் தலையிடி என்று ஒழுங்காக ஒப்பிக்கத் தொடங்கினேன். எதையோ விற்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவள் வேண்டாம் என்றாள். வைத்துவிடப்போகிறாள் என்று தெரிந்தது. அப்போதுதான் என் ஒழுங்கெல்லாம் உடைந்து, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், “காலமை உங்களிட்டைப் பாண் வாங்கிற கிழவன், கறுத்தவர், தொப்பி போட்டவர், அவர் என்ரை அண்ணை, அவர் சாகப்போறார்” என்று ஆங்கிலத்தில் அழுதேன்.

பிறகு அவள் உள்ளே யாரிடமோ பாண் அடுப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். என்னிடம், “போகிறேன் லவ், வைத்துவிடாதே” என்றாள்.

கடையின் கதவு மணி அடித்தது. அடுத்துக் கேட்டது மழை. ஐந்து மாதமாக அந்த மழையை மில்லிமீற்றரில் எழுதிவந்தேன். அன்றுதான் அதன் சத்தத்தைக் கேட்டேன். தகரக் கூரைகளில் விழும் சத்தம், காற்று அதை ஒரு பக்கமாக அள்ளி அடிக்கும் சத்தம், அதற்குள் அவளுடைய சப்பாத்து தண்ணீரில் போடும் சத்தம், அவள் மூச்சு. இன்னும் விடியவில்லை என்று சொன்னாள். முன்கதவைத் தட்டினாள். அண்ணரின் பெயர் அவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும். அதைப் பிழையாகச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். கதவு பூட்டியிருந்தது. வீட்டைச் சுற்றிப் பின்னால் போனாள்.

யன்னலுக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது என்றாள். கதிரையில் ஆள் இருக்கிறார். தட்டுகிறேன், திரும்பிப் பார்க்கவில்லை என்றாள்.

உடையுங்கள் என்றேன்.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. அதன்பிறகு அவள் குழப்பத்தோடு பேசினாள். கண்ணாடி உடைந்துவிட்டது, ஆனால் விழவில்லை. உள்ளே ஏதோ தோல்போல இழுத்துப் பிடித்திருக்கிறது, கை போகவில்லை, என்ன இது என்று கேட்டாள்.

“அது பிளாஸ்ரிக். நான்தான் அனுப்பினேன். கிழியுங்கள்” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வசனங்களில் அதைவிடக் கூசியது வேறொன்றில்லை. எவ்வளவு கவனமாக ஒட்டியிருந்தார் அண்ணர். ஒன்பது குறிப்புகளில் ஒன்றையும் விடாமல். அவள் எதையோ வைத்துக் குத்துவது கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு நீளமாகக் கிழிபடும் சத்தம். அவள் இருமினாள். கைபேசி எதிலோ மோதி விழுந்தது. தூரத்தில் அவள் அண்ணரோடு பேசுவது கேட்டது, வா, எழும்பு, என்னோடு வா என்று. அண்ணரின் குரல் கேட்கிறதா என்று காதை அழுத்தி வைத்திருந்தேன். மழைதான் கேட்டது. தொடர்பு அறுந்தது.

அடுத்த நாற்பது நிமிடங்களுக்கு என் நாட்குறிப்பில் எதுவும் இல்லை. கணவருக்கு அந்த நாட்டுப் பொலிஸ் கிடைத்து, முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் ஏற்கெனவே போய்விட்டது, பேக்கரியிலிருந்து அழைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். உயிரோடிருக்கிறாரா என்பது அவர்களுக்குத் தெரியாது. கணவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். நான் எழும்பினேன். அவரும் எழும்பினார். நான் மேசையைச் சுற்றி நடக்க, அவரும் பின்னால் நடந்தார். எங்களுக்குத் திருமணமாகி இருபத்தேழு வருடம். அன்றைக்குத்தான் அவர் பகிடி விடாமல் இவ்வளவு நேரம் இருந்தார்.

மருமகன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். “மாமி, அப்பா இஸ் ஓகே. ஒட்சிசன் குடுத்துக்கொண்டிருக்கினம். கண்ணைத் திறந்திட்டார். என்னைப் பார்த்து முதல் கேட்டது, யன்னலை ஆர் உடைச்சதெண்டு.”

நான் மேசையில் விரிந்துகிடந்த கொப்பியை மூடினேன்.

இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் கதை வேறு என்று வைத்தியர் சொன்னாராம். அண்ணரோடு பேச முடிந்தது வியாழக்கிழமைதான். குரல் களைத்திருந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் விடவில்லை. ஹீற்றரிலேயே, பாவிக்கும்போது யன்னலைத் திறந்துவைக்கவும் என்று எழுதி ஒட்டியிருந்ததாம். பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“ஓம், பார்த்தனான். முப்பது வருசம் ரொறன்ரோவிலை இருந்தவனுக்குச் சூட்டைப் போட்டிட்டு யன்னலைத் திற எண்டு சொன்னால் நம்புவானே? பிழையா அச்சடிச்சுப்போட்டாங்கள் எண்டு நினைச்சன்.”

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் அடங்கும்வரை இருந்துவிட்டு, வீட்டுக்குள் குளிர்கிறது என்று ஏன் முதலே சொல்லவில்லை, மாசி மாதம் போனீர்கள், மே மாதம்வரை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“நீ மூண்டு நாள் இருந்து எழுதித் தந்தனி. அங்கை குளிர்காலமே இல்லை எண்டு கீழ கோடும் போட்டிருந்தாய். நான் வந்து குளிருது எண்டால், உன்ரை பேப்பர் பிழை எண்டெல்லோ ஆகும்.”

என் தாளில் ஓர் எண்ணும் பிழையில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். ஒரு பிழையும் இல்லாத அந்தத் தாள்தான் ஒரு மனிதரை வாய்திறக்க விடாமல் செய்திருக்கிறது.

ஒக்ரோபரில் நான் அங்கே போனேன். அண்ணரைத் திரும்ப அழைத்துவரும் எண்ணத்தோடுதான் போனேன். அதற்குள் அவர்கள் சூடாக்கி பொருத்திய வேறு வீட்டுக்கு மாறியிருந்தார்கள், அதே தெருவில். நான் இறங்கிய அன்று காலை வெயில். பத்து மணிக்கு ஆலங்கட்டி மழை. மத்தியானம் திரும்பவும் வெயில், ஆனால் குடையை உடைக்கும் காற்று. மாலை தூறல். நான் வழக்கம்போல அன்றைய வானத்தை எழுதக் கொப்பியை எடுத்துவிட்டு, எதை எழுதுவதென்று தெரியாமல் மூடிவைத்தேன். எங்கும் பச்சை. அவ்வளவு பச்சையை நான் கண்டதில்லை.

நீலக் கதவுக் கடைக்குப் போனேன். அவளுக்கு அறுபது வயதிருக்கும். மாவு படிந்த முன்சட்டை, இடது உள்ளங்கையில் கண்ணாடி கீறிய தழும்பு. நன்றி சொல்ல நான் எழுதி மனப்பாடம் செய்து கொண்டுபோன வசனங்களை அவள் பாதியிலேயே நிறுத்தி, கையில் ஒரு சூடான பணிஸைத் தந்தாள். அவளுக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது: அந்த யன்னலை ஏன் அப்படிப் பொதிந்துவைத்தீர்கள்? ரொறன்ரோக் குளிரைப்பற்றி விளக்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். தங்கள் ஊரில், எவ்வளவு குளிரென்றாலும், காலையில் பத்து நிமிடம் யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள் என்றாள். இல்லாவிட்டால் மனிதர் விடும் மூச்சே ஈரமாகச் சுவரில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். குளிரை வெளியே நிறுத்த முடியாது, ஈரத்தையாவது வெளியே அனுப்பவேண்டும் என்று தன் தாய் சொல்லித் தந்ததாகச் சொன்னாள். நான் தயாரித்த தாளில் மழைக்கு ஒரு நிரல் இருந்தது, வெப்பத்துக்கு ஒரு நிரல், வெளிச்சத்துக்கு ஒரு நிரல். அந்த ஊர் மனிதர்கள் காலையில் எழும்பி என்ன செய்வார்கள் என்பதற்கு நிரல் இருக்கவில்லை.

திரும்பி வாருங்கள் என்று அண்ணரிடம் இரண்டு கிழமையும் கேட்டேன். கடைசி நாள் கடலோரம் நடந்துகொண்டிருந்தோம். மழை பக்கவாட்டில் அடித்தது. அவர் ஜாக்கெற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தார். “நான் வரேல்லை” என்றார். “இஞ்சை வருசம் முழுக்க மழை, வருசம் முழுக்கக் காத்து. ஆனால் கால் வைச்ச இடத்திலை கால் நிக்குது. யூலை மாசத்திலையும் நான் நடக்கிறன். அங்கை நாலு மாசம் சோபாவிலை இருந்தனான், நீ பார்த்தனிதானே.”

பார்த்தேன்தான். விமானத்தில் ஏறும்போது எனக்கு அமைதி வரவில்லை. வந்தபோது இருந்த அதே பதற்றத்தோடுதான் திரும்பினேன்.

இன்றும் காலையில் இரண்டு ஊர்க் காலநிலையும் பார்க்கிறேன், எழுதுகிறேன். அந்தப் பழக்கம் போகாது. எழுதி முடித்ததும் அண்ணரைக் கூப்பிட்டு, எந்த அறையில் இருக்கிறீர்கள், இன்று யன்னல் திறந்தீர்களா, கால் குளிர்கிறதா என்று கேட்கிறேன். அலுத்துக்கொள்வார். ஆனால் இப்போது மறைப்பதில்லை. வீட்டுச் சொந்தக்காரரைத் திட்டுவார், காற்றைத் திட்டுவார், சில நாள் என்னையும் திட்டுவார். அவர் ‘விறைக்குது தங்கச்சி’ என்று முறையிடும் நாள்களில் எனக்கு வேலை ஓடுகிறது; ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லும் நாள்களில் மட்டும், இன்னொரு கேள்வி கேட்காமல் என்னால் தொலைபேசியை வைக்க முடிவதில்லை.